சிவிங்கிப்புலி

சிவிங்கிப்புலி அல்லது வேட்டைச் சிறுத்தை பூனைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பாலூட்டி ஆகும். நிலத்தில் மிக விரைவாக ஓடக்கூடிய விலங்கு இதுவே. சிறுத்தையின் உடலில் வளையம் போன்ற புள்ளிகள் இருக்கும். சிவிங்கிப்புலிக்கோ நிறைந்த கரும்புள்ளிகளும், கண்ணிலிருந்து வாய் வரை இறங்கும் கருங்கோடும் உண்டு.

உடலமைப்பும் வேகமும்

இது மணிக்கு ஏறத்தாழ 100 கி.மீ. வேகத்தில் ஓடவல்லது. ஆயினும் இவ்வேகத்தில் சில நூறு மீட்டர் தொலைவே ஓட இயலும். வளைந்து நிமிரும் முதுகெலும்பு பாய்ச்சலின் நீளத்தைக் கூட்டுகிறது. முழுமையாக உள்ளிழுக்க இயலாத நகங்கள் தரையைப் பற்றுகின்றன. நீண்ட வால் திரும்பும்போது சமநிலை தருகிறது.

இந்தியாவில் அழிவு

முற்காலத்தில் வடக்கே பஞ்சாப் முதல், மதுரைக்கும் தெற்கே திருநெல்வேலி வரை இவை வாழ்ந்தன. அரசர்கள் இவற்றைப் பழக்கி வெளிமான் வேட்டையில் ஈடுபடுத்தினர். அடைப்பில் இவை அரிதாகவே குட்டி ஈன்றதால், காட்டிலிருந்தே தொடர்ந்து பிடிக்கப்பட்டன. புல்வெளிகளும் குறைந்தன. 1947 இல் கொரியா சமஸ்தானத்தில் மூன்று சுட்டுக்கொல்லப்பட்டன. 1952 இல் இவ்வினம் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. இதன் இரையான வெளிமான் தூத்துக்குடி மாவட்டத்தின் வல்லநாட்டில் இன்றும் வாழ்கிறது. ஆசியச் சிவிங்கிப்புலி ஈரானில் மட்டும் மிகச் சிறு எண்ணிக்கையில் எஞ்சியுள்ளது.

மீள் அறிமுகம்

மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவிற்கு 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8, 2023 பெப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12 ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலிகள் கொண்டுவரப்பட்டன. அவற்றுள் சில 2023 இல் இறந்தன. அதே ஆண்டு மார்ச்சில் ஒரு பெண் சிவிங்கிப்புலி 4 குட்டிகளை ஈன்றது.