தின்றது எவ்வளவு, தங்கியது எவ்வளவு?



திண்டிவனத்தை அடுத்த சிற்றூரொன்றில், என் பாட்டனாரின் கொட்டிலில் ஒரு பசு நின்றது. வைக்கோற்போரோ கூரையை விட உயரம். பசுவின் வாய் ஓய்ந்ததே இல்லை. ஆயினும் அதன் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். “வயிறாரத் தின்றும் ஏன் தாத்தா இளைக்கிறது?” என்று கேட்டேன். “அதன் ராசி அப்படியடா” என்றார். பின்னாளில் நூல்களைப் பயின்றபோதுதான் அது ராசியன்று, கணக்கு என்று உணர்ந்தேன்.

அக்கணக்கின் முறையை 1860-களில் ஜெர்மனியின் வேண்டே ஆராய்ச்சி நிலையத்தில் ஹென்னபெர்க், ஸ்டோமன் என்னும் அறிஞர்கள் வகுத்தனர். மாடு தின்ற தீவனத்தை நிறுத்தார்கள்; அது இட்ட சாணத்தையும் நிறுத்தார்கள். காய்ந்த எடையில் 5 கிலோ தின்று 3 கிலோ கழித்தால், உடலில் தங்கியது 2 கிலோ. அதாவது நூற்றுக்கு 40 பங்கே செரித்தது. இம்முறையில் நம் நாட்டுத் தீவனங்களைப் பெங்களூரில் வார்த் என்பவர் ஆராய்ந்தார். பின்னர், இசத்நகரில் பணியாற்றிய கே. சி. சென் அத்தகைய முடிவுகளைப் பட்டியல்களாகத் தொகுத்தார்.

நெல் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு உண்டு. ஆனால் செரிக்கும் புரதம் ஏறத்தாழச் சுழியம்! செரிமான நீர்களின் வழியே மாடு தன் உடற்புரதத்தையும் சாணத்தில் இழப்பதால், வரவும் செலவும் சரியாகிவிடுகின்றன. கடலைப் பிண்ணாக்கிலோ நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் புரதம். அதில் பெரும்பகுதி செரிக்கும்.

இங்கேதான் நம் வட்டாரத்தின் வரலாறு நினைவுக்கு வருகிறது. தென்னார்க்காடு நிலக்கடலைக்குப் பேர்போனது. திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் தந்த டி.எம்.வி. 2 என்னும் கடலை இரகம், 1940 முதல் நாடெங்கும் பரவியது. அதற்கு முன்பே, 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது; புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து கடலை மூட்டைகள் மார்செய்ல்சுக்குக் கப்பலேறின. பருப்பு கடல் கடந்தது. அத்துடன் பிண்ணாக்கும் போயிற்று. வைக்கோல் நம் பசுவுக்கு மிஞ்சியது.

வைக்கோலை வீணென்று நான் சொல்லவில்லை. அதனுடன் சிறிது பிண்ணாக்கோ கடலைக்கொடியோ சேர்த்தால், இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் வலுப்பெற்று, அதே வைக்கோலை முன்னினும் நன்றாகச் செரிக்கச் செய்கின்றன. பாட்டனாரின் கொல்லையிலேயே கடலைக்கொடி காய்ந்து கிடந்தது. அடுப்பெரிக்க அதை அள்ளிப் போனோம். அந்தப் பசுவை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கூசுகிறது. கொட்டிலில் இட்டதைக் கொண்டு தீவனத்தை மதியாதீர்கள். உடலில் தங்கியதைக் கொண்டு மதியுங்கள்.