தொகுதி மாறிய அமைச்சர்

ஆ. இராசாவின் சொந்த ஊர் பெரம்பலூர் மாவட்டத்து வேலூர். முசிறி அரசுக் கலைக் கல்லூரியில் அறிவியலும், மதுரை, திருச்சி சட்டக் கல்லூரிகளில் சட்டமும் படித்து, பெரம்பலூரில் வழக்கறிஞராக இருந்தார். திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் தனியாகப் பிரிந்தது 1995இல். அடுத்த ஆண்டே, அப்போது தனித்தொகுதியாக இருந்த பெரம்பலூரில் தி.மு.க. வேட்பாளராக நின்று மக்களவைக்குச் சென்றார். வயது முப்பதுகளின் தொடக்கம்தான். 1998இல் தோற்றார், 1999இல் மீண்டும் வென்றார்.

வாஜ்பாய் அரசில் ஊரக வளர்ச்சி, பிறகு சுகாதாரம் என இணை அமைச்சராக இருந்தார். 2003 டிசம்பரில் தி.மு.க. பா.ஜ.க. கூட்டணியை விட்டு விலகியது. 2004இல் மன்மோகன் சிங் அமைச்சரவையில் சுற்றுச்சூழல், வனத்துறை கிடைத்தது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2006 செப்டம்பரில் வெளிவந்தது அவர் காலத்தில்தான். பின்னாளில் எழுந்த 2ஜி அலைக்கற்றை விவகாரப் பேச்சில் இது மறைந்துபோனது. ஆனால் சுரங்கமோ ஆலையோ தொடங்க விரும்பும் பலரும் இன்றும் கடந்தாக வேண்டிய வாசல் அது. சிமென்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் நிறைந்த, பெரம்பலூரை அடுத்த அரியலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2007 மே மாதம் தொலைத்தொடர்பு அமைச்சர் தயாநிதி மாறன் விலகியதும் அந்தத் துறை இராசாவிடம் வந்தது. 2008 ஜனவரி 10ஆம் தேதி, ‘முதலில் வந்தவருக்கு முதலில்’ என்று சொல்லி, 2001இன் விலையிலேயே 2ஜி உரிமங்களுக்கான ஒப்புதல் கடிதங்கள் தரப்பட்டன. நாடு முழுமைக்குமான விலை 1,658 கோடி ரூபாய். தொலைத்தொடர்புத் துறை இயங்கும் சஞ்சார் பவனில் அன்று பிற்பகலே பணம் கட்டச் சொன்னதால் நிறுவனங்களிடையே தள்ளுமுள்ளு. இழப்பு 1.76 லட்சம் கோடி வரை இருக்கலாம் என்று கணக்குத் தணிக்கை அறிக்கை 2010இல் மதிப்பிட்டது. அது அனுமானக் கணக்கு என்பதைப் பலர் கவனிக்கவில்லை. 2010 நவம்பரில் இராசா பதவி விலகினார். 2011 பிப்ரவரியில் கைதாகிப் பதினைந்து மாதம் திகார் சிறையில் இருந்தார். 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் 2012இல் ரத்து செய்தது. ஆனால் குற்றச்சாட்டை சி.பி.ஐ. நிரூபிக்கவில்லை என்று சிறப்பு நீதிமன்றம் 2017 டிசம்பர் 21இல் அவரை விடுவித்தது. சி.பி.ஐ.யின் மேல்முறையீட்டை 2024 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது.

சொந்தத் தொகுதி கைநழுவியது வழக்கால் அல்ல, வரைபடத்தால். தொகுதி மறுவரையறைக்குப் பின் 2009இல் பெரம்பலூர் பொதுத்தொகுதியானது, நீலகிரி தனித்தொகுதியானது. அருகிலுள்ள அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் சட்டமன்றத் தொகுதிகள் இப்போது சிதம்பரம் மக்களவைத் தொகுதியில். பெரம்பலூரில் வென்ற நடிகர் நெப்போலியனும் மத்திய இணை அமைச்சரானார். இராசா நீலகிரிக்கு மலையேறினார்: 2009இல் வெற்றி, 2014இல் தோல்வி, 2019லும் 2024லும் மீண்டும் வெற்றி.