சாணூர் இரும்பும் கூரத்துச் செப்பேடும்

இரும்பு செம்பினும் வலியது, எளிதிற் கிடைப்பது. அங்ஙனமாகவும், நெடுங்காலம் நிற்க வேண்டிய தரும சாசனங்களைப் பல்லவ வேந்தர் செம்பிலேயே வரைவித்தனர். அதன் காரணத்தை ஆராய்வது ஈண்டு நம் கருத்தாகும்.

செங்கற்பட்டுப் பகுதி இரும்புக்குப் புதியதன்று. மதுராந்தகத்தைச் சார்ந்த சாணூரில் 1950, 1952-ஆம் ஆண்டுகளில் தொல்பொருள் துறையினர் பெருங்கற்கால ஈமக் குழிகளை அகழ்ந்தபோது, இறந்தோருடன் வைத்த இரும்புக் கருவிகள் பல வெளிப்பட்டன. அவை பல்லவர்க்குப் பன்னூறாண்டு முற்பட்டவை. பின்னர் ஏழாம் நூற்றாண்டில் மாமல்லபுரத்துக் கருங்கற் பாறைகள் தேர்களாகவும் மண்டபங்களாகவும் உருப்பெற்றன. உருக்கு முனையுடைய உளியின்றி அவ்வேலை கைகூடியிராது. கல் நின்றது; உளிகள் யாண்டுப் போயின? தேய்ந்தவை மீண்டும் உலைக்குச் சென்றிருக்கும். எஞ்சியவை துருவாய் மண்ணிற் கலந்திருக்கும் என்பதே பொருத்தமாகும்.

துரு என்பது யாது? இரும்பு பிராணவாயுவோடும் நீரோடும் கூடிய நிலையே அது. மண்ணிற் கிடக்கும் இரும்புக் கல்லும் பிராணவாயுவோடு கூடிய இரும்பே. பண்டைக் கொல்லர் அக்கல்லைக் கரியோடு மண் உலையிலிட்டுத் துருத்தியால் ஊதினர். கரி பிராணவாயுவைக் கவர்ந்துகொள்ள, இரும்பு பிரிந்தது. செம்பு 1,085 பாகை வெப்பத்தில் உருகும். இரும்புக்கோ 1,538 பாகை வேண்டும். பண்டை உலைகள் அவ்வளவு வெப்பம் எய்தாமையின், இரும்பு உருகாது கடற்பஞ்சு போன்ற கட்டியாகவே வந்தது. அதனைப் பழுக்கக் காய்ச்சி அடித்தே கிட்டத்தைப் போக்கினர். இத்துணை வருந்திப் பிரித்த இரும்பு, ஈரக்காற்றுப் பட்டவுடன் பழைய கூட்டுறவையே நாடுகின்றது. கடற்காற்றின் உப்பு அதனை இன்னும் விரைவுபடுத்தும். பொன்னோ ஆற்று மணலிலும் தனித்தே கிடப்பது. அதற்கு மீளவேண்டிய நிலை ஒன்றில்லை. செம்பு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

பிரித்தற்கு அரியன யாவும் விரைந்து அழியும் என்று முடித்துவிடலாகாது. அலுமினியம் இரும்பினும் பிரித்தற்கு அரிது. எனினும் அதன்மேற் படரும் மெல்லிய படலமே அதற்குக் கவசமாகின்றது. இரும்பின் துருவோ உதிர்ந்து உதிர்ந்து உள்ளிருப்பதையும் தின்னக் கொடுக்கும். செம்பின் பாசி பெரும்பாலும் பற்றி நின்று காக்கும். உப்பு மிக்கவிடத்து அதுவும் அரிப்பாக மாறுவதுண்டு.

களிம்பு செம்புக்குச் சகசம் என்பது சித்தாந்த ஆசிரியர் வழங்கும் உவமை. விளக்கிய செம்பிற் களிம்பு பின்னர் வந்தேறுதலைக் கண்கூடாகக் காண்கின்றோமே, உவமை பழுதன்றோ என வினவுவார் உளர். அவர் சுரங்கத்தை நோக்குவாராக. ஆண்டுச் செம்பு பெரும்பாலும் கந்தகம் முதலியவற்றோடு பிணைந்தே கிடக்கின்றது. மலாகைட்டு என்னும் பச்சைக்கல், செம்பு கரியமில வாயுவோடும் நீரோடும் கூடியது. ஈரக்காற்றிற் செம்பின்மேற் படரும் பச்சையும் அக்கூறுகளையே உடையதாதல் உண்டு. ஆதலின் களிம்பு முன்னையது. செம்பு தனித்து விளங்குதலே உலைத்தீயால் நேர்ந்தது. உவமை ஒருபுடை ஒப்பே எனினும், இவ்விடத்தில் அது வழுவவில்லை என்பது எம் துணிபு.

இனிச் செப்பேட்டுக்கு வருவோம். காஞ்சியை அடுத்த கூரத்திற் கிடைத்த முதற் பரமேசுவரவர்மனின் ஏடுகள் ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சார்ந்தவை. வடமொழியும் தமிழும் விரவியவை. அவ்வூர்ச் சிவாலயமாகிய வித்தியாவிநீத பல்லவ பரமேசுவர கிருகத்துக்கு அளித்த கொடையையும், மண்டபத்திற் பாரதம் வாசித்தற்குச் செய்த ஏற்பாட்டையும் அவை கூறுகின்றன. ஆங்காங்குச் சிதைந்தனவேனும், அவற்றின் எழுத்து ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்குப் பின்னும் படிக்கக் கிடைத்தது.