பொட்டும் படமும்: சொல்லின்றிப் பேசுதல்

முகபாவம், கைச்சைகை, பார்வை, உடை, மௌனம், இருவருக்கிடையே விடப்படும் தூரம் போன்றவற்றால் செய்தி பரிமாறப்படுவதைச் சொற்சாராத் தொடர்பாடல் என்கிறோம். தொடர்பாடலில் 93 சதவீதம் சொல்லின்றியே நடக்கிறது என்று பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. அது பிழை. உளவியலாளர் அல்பேர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகள், ஒருவரின் விருப்பு வெறுப்பை மற்றவர் எப்படி உணர்கிறார் என்பதையே அளந்தன. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே பின்னர் விளக்கினார்.

ஒரு சைகையின் பொருள் பார்ப்பவரையும் பொறுத்தது. நாம் 'ஓம்' என்று தலையாட்டினால், வெளிநாட்டவர் 'இல்லை' என்று விளங்கிக்கொள்வதுண்டு. அது வேடிக்கையோடு போய்விடும். 1983 ஜூலையில் கொழும்பில் அப்படிப் போகவில்லை. நெற்றிப் பொட்டு ஒருவரைத் தமிழர் என்று காட்டிக்கொடுத்தது. பெண்கள் பொட்டை அழித்தார்கள். தெருவிலும் பஸ்ஸிலும் தமிழ் பேச அஞ்சினார்கள். பின்வந்த சோதனைச்சாவடிக் காலத்திலும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, ஹெந்தளை போன்ற இடங்களில் வாழ்ந்த பலருக்கு அடையாளத்தை மறைப்பது பாதுகாப்பாகவே தெரிந்தது.

வடக்கில் பின்னர் நடந்தது இதற்கு நேர்மாறு. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பிள்ளையின் படத்தை நெஞ்சோடு பிடித்தபடி அமர்ந்திருந்த தாயின் கேள்வி, தமிழ் தெரியாதவருக்கும் விளங்கியது. ஆர்ஜென்டினாவில் 1977 முதல் பிளாசா டி மாயோ சதுக்கத்தில் கூடிய தாய்மாரின் வெள்ளைத் தலைத்துணியும் இதே கேள்வியைத்தான் கேட்டது.

ஆனால் படத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பிள்ளை எப்போது, எங்கே, யாரிடம் கையளிக்கப்பட்டார் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்லக்கூடிய தாய் தந்தையரில் பலர் பதில் கிடைக்காமலே காலமாகிவிட்டார்கள். அவர்களோடு அந்த விவரங்களும் போய்விடுகின்றன. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தை நம்பினாலும் நம்பாவிட்டாலும், எந்த விசாரணைக்கும் அவை வேண்டும்.

வீட்டில் அப்படியொரு படம் இருந்தால், முழுப்பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், கடைசியாகக் கண்ட இடமும் நாளும், உடனிருந்தவர்கள் ஆகியவற்றை அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டு இப்போதே எழுதி, படத்தோடு வைத்துவிடுங்கள்.