தில்லியில் கோடைக்கால நீர்க் கட்டுப்பாடு: எவற்றுக்கு அபராதம், புல்வெளிக்கு என்ன விதி?

புதுதில்லி: கோடையில் யமுனையின் நீர்வரத்து குறையும்போதெல்லாம் தலைநகரில் தண்ணீர்ப் பயன்பாட்டுக் கட்டுப்பாடு குறித்த பேச்சு எழுவது வழக்கம். அவற்றுள் அண்மைக் காலத்தில் பரவலாக அறியப்பட்டது 2024, மே 29 அன்று அப்போதைய நீர்வளத்துறை அமைச்சர் ஆதிஷி பிறப்பித்த உத்தரவாகும். மறுநாள் காலை 8 மணி முதல் 200 குழுக்களைக் களமிறக்குமாறும், தண்ணீரை வீணாக்குவோருக்கு ரூ.2,000 அபராதம் விதிக்குமாறும் தில்லி ஜல் வாரியத்துக்கு அவர் அறிவுறுத்தினார்.

ரப்பர் குழாய் மூலம் கார் கழுவுதல், மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிய விடுதல், வீட்டு இணைப்பு நீரைக் கட்டுமானத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்துதல் ஆகியவை அந்த உத்தரவில் குறிப்பிட்டுச் சொல்லப்பட்டன. கட்டுமானத் தளங்களிலும் வணிக நிறுவனங்களிலும் உள்ள சட்டவிரோத இணைப்புகளைத் துண்டிக்கவும் ஆணையிடப்பட்டது. ஆனால், வீட்டுப் புல்வெளிக்கு நீர் பாய்ச்சுவது இந்தப் பட்டியலில் தனியாக இடம்பெறவில்லை.

இந்த இடைவெளி சிறியதன்று. 100 சதுர மீட்டர் புல்வெளியில் 5 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் பாய்ச்ச 500 லிட்டர் தேவை. கழிவுநீர்க் குழாய் வசதியுள்ள நகரங்களுக்கு மத்திய அரசின் வழிகாட்டி நெறி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். அதன்படி, இது ஏறக்குறைய 4 பேரின் ஒரு நாள் தேவை. நாள்தோறும் பாய்ச்சினால் மாதத்துக்கு 15,000 லிட்டர் செலவாகும். தில்லியில் வீட்டு இணைப்புகளுக்கு மாதம் 20,000 லிட்டர் வரை கட்டணமில்லை. அந்த அளவைத் தாண்டினால் முழுப் பயன்பாட்டுக்கும் கட்டணம் செலுத்த வேண்டும். ஆகவே, புல்வெளி வைத்திருப்போருக்கு அபராதத்தைவிட இந்தக் கட்டண விதியே நடைமுறையில் தடையாக உள்ளது. வசதி படைத்தோரை அது எந்த அளவுக்குத் தடுக்கும் என்பது வேறு கேள்வி.

2024 கோடையில் இந்த வேறுபாடு வெளிப்படையாகத் தெரிந்தது. தூதரகங்களும் அகன்ற தோட்டங்களும் நிறைந்த சாணக்கியபுரியிலேயே, சஞ்சய் முகாம், விவேகானந்த முகாம் ஆகிய குடியிருப்புகளின் மக்கள் பிளாஸ்டிக் குழாய்களுடன் டேங்கர் லாரிகளின் மீது ஏறித் தண்ணீர் பிடித்தனர். பின்னர் ஜூன் மாதத்தில், திலக் மார்க், பெங்காலி மார்க்கெட் நிலத்தடி நீர்த்தேக்கங்களுக்கான வரத்து குறைந்து, புதுதில்லியின் மையப் பகுதியும் பாதிக்கப்பட்டது.

தில்லியின் அன்றாடத் தேவை சுமார் 129 கோடி கேலன். வழங்கப்படுவது சுமார் 100 கோடி கேலன். யமுனை, கங்கை, பக்ரா அணை ஆகியவற்றிலிருந்து வரும் நீரின் பெரும்பகுதி அண்டை மாநிலங்கள் வழியாகவே வந்து சேர்கிறது. வஜீராபாத் தடுப்பணையில் 674.5 அடியாக இருக்க வேண்டிய நீர்மட்டம், 2024 மே இறுதியில் 670 அடிக்கும் கீழே சென்றது. இவ்விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது. ஹிமாசலப் பிரதேசம் விநாடிக்கு 137 கன அடி உபரி நீரைத் திறக்க வேண்டும் என்று ஜூன் 6 அன்று உத்தரவிட்ட நீதிமன்றம், அந்நீர் வீணாகக் கூடாது என்றும் தில்லி அரசுக்கு அறிவுறுத்தியது. பின்னர் உபரி நீர் இல்லை என்று ஹிமாசலம் கூறியதால், மேல் யமுனை நதி வாரியத்தை அணுகுமாறு தில்லிக்குக் கூறப்பட்டது.

பெங்களூரு இதில் ஒரு படி முன்னே சென்றது. 2024 மார்ச்சில் அந்நகரக் குடிநீர் வாரியம், கார் கழுவுதல், கட்டுமானம், அலங்கார நீரூற்று ஆகியவற்றுடன் தோட்டத்துக்குக் குடிநீரைப் பயன்படுத்துவதையும் பெயர் சொல்லியே தடை செய்தது. அபராதம் ரூ.5,000, மீண்டும் மீறினால் நாளொன்றுக்கு ரூ.500 கூடுதல். சில நாள்களிலேயே 22 வீடுகளிடமிருந்து ரூ.1.1 லட்சம் வசூலிக்கப்பட்டது. லண்டனில் 2022 ஆகஸ்ட் 24 அன்று நடைமுறைக்கு வந்த தடையும் ரப்பர் குழாயால் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவதை உள்ளடக்கியிருந்தது.

தடை விதித்தால் புல் காய்ந்துவிடும் என்ற வாதத்துக்கும் பெங்களூருவே விடையளித்தது. அதே கோடையில் ஐபிஎல் போட்டிகள் நடைபெற்ற சின்னசாமி மைதானத்துக்கு, கப்பன் பூங்கா நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் நாளொன்றுக்கு 75,000 லிட்டர் வழங்க அனுமதி அளிக்கப்பட்டது.

தில்லியில் நாளொன்றுக்கு 50 கோடி கேலனுக்கும் மேற்பட்ட கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டாலும், அதில் சிறு பகுதியே பூங்காக்களுக்கும் பிற பணிகளுக்கும் மறுபடி பயன்படுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி வடிகால்கள் வழியே யமுனையில் கலக்கிறது. அந்நீரைக் குடியிருப்புகளுக்குக் கொண்டுசெல்லத் தனிக் குழாய்கள் பெரும்பாலான இடங்களில் இல்லை. எனவே, வீட்டுத் தோட்டத்துக்குக் குடிநீர்க் குழாயையே நாட வேண்டியுள்ளது. அதிகாலையிலோ சூரியன் மறைந்த பின்னரோ நீர் ஊற்றினால் ஆவியாகும் இழப்பு குறையும்; மேல்நிலைத் தொட்டியில் மிதவை வால்வு பொருத்தினால் நிரம்பி வழிவதும், அதற்கான அபராதமும் தவிர்க்கப்படும்.