தேங்காய்க்கு வாங்கிய தொப்பியும் தெர்மாகோல் கவசமும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவிலிருந்து நிக்கோபார் தீவுகளுக்குப் போன வியாபாரிகளின் சரக்கில் பழைய தொப்பிகளும் இருந்தன. ஐரோப்பியர் போட்டுக் கழித்த உயரமான தொப்பிகள். கறுப்புப் பட்டை கட்டிய வெள்ளைத் தொப்பி என்றால் 55 முதல் 65 தேங்காய் வரை கொடுத்து வாங்கினார்கள் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. அந்தத் தீவுகளில் அன்று தேங்காய்தான் பணம். இடுப்பில் ஒரு துண்டுத் துணியும் தலையில் தொப்பியுமாக ஓடத்தில் நின்று மீன் பிடித்தவர்களை வெள்ளைக்காரர்கள் வேடிக்கைப் பொருளாக எழுதி வைத்தார்கள். அந்த ஏளனத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் தெரிவது வேறு: தலையில் எதை வைப்பது, அதற்கு என்ன கொடுப்பது என்பதை அந்த மக்கள் தாங்களே பார்த்து, பேசி, முடிவு செய்தார்கள்.

ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று வரும் தீவுக்கூட்டம் இதுதான். அதன் வடமுனையில் இருக்கும் கார் நிக்கோபார் சுமார் 127 சதுர கிலோமீட்டர். பெரும்பாலும் மேடு பள்ளமில்லாத சமதரை. மஸ், சாவாய், அரோங், ககானா, பெர்கா, மலாக்கா என்று கடலோரத்தை ஒட்டி ஊர்கள். சைக்கிளுக்கு இதைவிடத் தோதான நிலம் கிடைப்பது அரிது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தக் கடலோர ஊர்களைத் துடைத்துப் போட்டது. பின்னாளில் சைக்கிள் பந்தய வீராங்கனையான டெபோரா ஹெரால்டுக்கு அன்று ஒன்பது வயது. மரமேறி நாள்கணக்கில் அங்கேயே கிடந்து பிழைத்தார். அவரைப் போலவே பந்தயத்துக்கு வந்த ஈசோ ஆல்பனுக்கு மூன்று வயது. பத்தே ஆண்டில் டெபோரா டெல்லியின் இந்திரா காந்தி விளையாட்டரங்க வேலோட்ரோமில், அதாவது சைக்கிள் பந்தய ஓடுதளத்தில், ஓட்டிக்கொண்டிருந்தார்; 2015இல் 500 மீட்டர் டைம் டிரயல் உலகத் தரவரிசையில் நான்காம் இடம் வரை போனார். ஈசோ 2018இல் சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் கெய்ரின் பந்தயத்தில் வெள்ளி வென்றார். மறு ஆண்டு ஜெர்மனியில் மணிப்பூர் வீரர்களோடு சேர்ந்து டீம் ஸ்பிரிண்டில் தங்கம். பின்னாலேயே டேவிட் பெக்காம் என்ற இன்னொரு கார் நிக்கோபார் இளைஞர் வந்தார். ஏறத்தாழ 18 ஆயிரம் பேர் வாழும் ஒரு தீவு இத்தனை பேரைத் தந்திருக்கிறது.

வேலோட்ரோமில் ஹெல்மெட் இல்லாமல் யாரும் சக்கரத்தை உருட்ட முடியாது. ஆனால் சைக்கிள் உலகம் அந்த விதிக்கு வந்து சேர நூறு ஆண்டுக்கு மேல் ஆனது, அதுவும் சாவுகளைப் பார்த்த பிறகு.

முதலில் இருந்தது தோல் பட்டைகளைப் பின்னிய ஒரு கூடு. தலை தரையில் உரசினால் தோல் கிழியாது, அவ்வளவுதான். மோதும் வேகத்தை அது வாங்கிக்கொள்ளவில்லை. 1975இல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் 'பெல் பைக்கர்' என்ற ஹெல்மெட்டை வெளியிட்டது. கெட்டியான ஓட்டுக்குள் தெர்மாகோல் வைத்தது அதன் புதுமை. ஐஸ்மீன் பெட்டியில் பார்க்கிற அதே சாமான்தான், இன்னும் இறுக்கமாக வார்த்தது. மோதும்போது அது நசுங்குகிறது. தலைக்குப் போக வேண்டிய அடியை அந்த நசுங்கலே தின்றுவிடுகிறது. நசுங்கிய தெர்மாகோல் மறுபடி எழும்பாது. ஆகவே ஒரு முறை பலமாக அடிவாங்கிய ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் அதன் வேலை முடிந்தது.

பந்தய வீரர்களோ இதை விரும்பவில்லை. 1991இல் உலக சைக்கிள் சங்கம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்க முயன்றபோது பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் வீரர்கள் எதிர்த்து நின்றார்கள், சங்கம் பின்வாங்கியது. வெயிலில் வேகிறது, கனக்கிறது என்பது அவர்கள் வாதம். 1995 ஜூலை 18 அன்று டூர் டி பிரான்சில் பைரனீஸ் மலை இறக்கத்தில் விழுந்த இத்தாலியர் ஃபாபியோ கசார்டெல்லியின் தலை சாலையோரக் கான்கிரீட் கல்லில் மோதி உயிர் போனது. பார்சிலோனா ஒலிம்பிக் சாம்பியன். தலையில் ஹெல்மெட் இல்லை. அதற்குப் பிறகும் விதி வரவில்லை. 2003 மார்ச்சில் அதே பாரிஸ்–நீஸில் கஜகஸ்தானின் ஆந்திரே கிவிலெவ் விழுந்து இறந்த பின்தான், அந்த மே மாதம் சாலைப் பந்தயங்களில் ஹெல்மெட் கட்டாயமானது. அப்போதும்கூட, பந்தயம் மலையுச்சியில் முடிந்தால் கடைசி ஏற்றத்தில் கழற்றிக்கொள்ளலாம் என்று சலுகை கொடுத்தார்கள். இரண்டு உயிர் போன பிறகு அப்படியொரு சலுகை தேவையில்லாதது.

ஹெல்மெட் போட்டால் காயமே வராது என்றும் இல்லை. 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் இந்தியாவின் மீனாட்சி ஓடுதளச் சரிவில் விழுந்து வழுக்க, பின்னால் வந்த நியூசிலாந்து வீராங்கனையின் சைக்கிள் அவர் மேலேயே ஏறியது.

சைக்கிள் ஓட்டுகிறவர் கண்ணுக்குப் போடும் கண்ணாடியின் வரலாறு இவ்வளவு ரத்தம் பார்க்கவில்லை. மண்சாலைக் காலத்து டூர் வீரர்கள் புழுதிக்காகப் பெரிய கண்ணாடி கட்டினார்கள். 1980களின் நடுவில் ஓக்லியின் அகன்ற ஒற்றைக் கண்ணாடியை அமெரிக்கர் கிரெக் லெமான்ட் போட்டு ஓட்ட, அது உலகம் முழுக்கப் பரவியது.

கார் நிக்கோபாரில் கண்ணாடி தேர்ந்தெடுப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தீவு நிலநடுக்கோட்டுக்கு ஒன்பது டிகிரி வடக்கே. வெயில் உச்சியில் அடிக்கிறது, பவள மணல் அதைத் திருப்பி அடிக்கிறது. அதே சாலை அடுத்த வளைவில் தென்னந்தோப்புக்குள் நுழைந்து இருண்டுவிடுகிறது. மிகக் கறுத்த கண்ணாடி போட்டவருக்கு நிழலில் கிடக்கும் பள்ளமும் விழுந்த மட்டையும் தெரியாது. நிறத்தின் அளவை 0 முதல் 4 வரை எண்ணால் குறிப்பார்கள். நான்காம் எண் வண்டி ஓட்டுவதற்கு ஆகாது. வெளிச்சத்துக்கேற்பத் தானே கறுத்துத் தெளியும் கண்ணாடி இந்தச் சாலைக்குப் பொருந்தும். எதுவானாலும் 'யுவி 400' என்ற குறிப்பு வேண்டும். அது இல்லாத வெறும் கறுப்புக் கண்ணாடியில் கண்மணி விரிந்து, புற ஊதாக் கதிர் இன்னும் அதிகமாகவே உள்ளே போகும்.

ஹெல்மெட்டுக்கு விலையைவிட அளவு முக்கியம். புருவத்துக்கு மேலே இரண்டு விரல்கடை விட்டு நெற்றியை மூடி உட்கார வேண்டும். பின்னந்தலைக்குத் தள்ளிப் போட்டால் விழும்போது நெற்றிதான் முதலில் படும். வார்கள் காதுக்குக் கீழே சேர வேண்டும், தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் மட்டும் நுழைய வேண்டும். உள்ளே 'இஎன் 1078' என்ற ஐரோப்பியத் தர முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். ஈரப்புழுக்கம் மிகுந்த தீவில் காற்றுத் துளைகள் நிறைய உள்ளதுதான் நாள் முழுக்கத் தலையில் நிற்கும்.

இந்தியாவில் மோட்டார் சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டம் உண்டு, மிதிவண்டிக்கு இல்லை. ஆகவே இது பெற்றோர் கையிலும் பள்ளியின் கையிலும்தான் இருக்கிறது. கார் நிக்கோபார் பிள்ளைகளுக்கு அடுத்த முறை கப்பலில் சைக்கிள் அனுப்புகிறவர்கள், தலையளவு கேட்டு ஒரு ஹெல்மெட்டையும் சேர்த்தே அனுப்புங்கள்.