நீளக் கோலின் வித்தை குட்டைக் கோலுக்கு வந்த கதை

குளக்கரையில் தூண்டில் போடுகிறவர் முள்ளில் மண்புழுவைக் கோத்து, தக்கையைக் கட்டி, நூலை நீரில் விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். தூரமாக எறிய வேண்டுமா? ஓர் ஈயக் குண்டைக் கட்டினால் போதும். குண்டு நூலை இழுத்துக்கொண்டு போகும்.

ஸ்காட்லாந்தின் ஆறுகளில் சால்மன் மீன் பிடிப்போருக்கு இந்த வசதி கிடையாது. அவர்கள் முள்ளில் இறகையும் மயிரையும் சுற்றிச் செய்த பொய் ஈயைக் கட்டுகிறார்கள். அதன் எடை ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஓர் இறகை எறிந்து பாருங்கள், எவ்வளவு தூரம் போகிறது? ஆகவே அங்கே எறியப்படுவது ஈ அன்று, நூல்தான். நூலையே கனமாகச் செய்து அதை எறிகிறார்கள். ஈ அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்கிறது.

கனமான நூலை எறிவது எப்படி? வண்டிக்காரர் சாட்டையைச் சொடுக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் நூல் முழுவதையும் தலைக்கு மேலே பின்புறம் வீசி நீள விட வேண்டும். அது நீண்டு முடியும் கணத்தில் கோலை முன்னால் வீச வேண்டும். அப்போது நூலின் நிலைமம் கோலை வளைக்கிறது. வளைந்த கோல் நிமிர்ந்து நூலைத் தள்ளுகிறது. எல்லாம் சரி, ஆனால் 20 மீட்டர் நூலை முன்னால் எறியப் பின்னாலும் ஏறத்தாழ அவ்வளவு வெற்றிடம் வேண்டுமே!

ஸ்பே ஆற்றில் அது இல்லை. வடகிழக்கு ஸ்காட்லாந்தில் வேகமாகப் பாய்ந்து மோரே வளைகுடாவில் கலக்கும் ஆறு அது. பல இடங்களில் மேடான கரையும் மரங்களும் முதுகை ஒட்டி நிற்கும். பின்னால் வீசினால் மீனுக்குப் பதில் மரக்கிளைதான் அகப்படும். 19-ஆம் நூற்றாண்டில் அவ்வாற்றங்கரை மக்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். நூலைப் பின்னால் முழுக்க நீட்டுவதில்லை. நீரில் கிடக்கும் நூலைத் தூக்கிச் சுழற்றி, அதன் நுனி மட்டும் தம் பக்கத்தில் நீரைத் தொடும்படி செய்கிறார்கள். மீதி நூல் கோலுக்குப் பின்னால் வில்லாக வளைந்து நிற்கும். கோல் அதற்கு நாண் போலிருக்கும். உடனே முன்னால் வீசினால் நூல் சுருள் பிரிந்து ஓடுகிறது. நீரில் படிந்த நுனிதான் இங்கே பிடிமானம். அது வழுக்கினால் கோல் வளையாது. அதிகமாகப் படிந்தாலோ நூல் நீரில் ஒட்டிக்கொண்டு ஆற்றலை விழுங்கிவிடும்.

காற்று ஆற்றின் மேற்பக்கம் நோக்கி வீசினால் நுனியை மேற்பக்கத்தில் படிய வைப்பது ஒற்றை ஸ்பே. கீழ்ப்பக்கம் நோக்கி வீசினால் கீழ்ப்பக்கத்தில் படிய வைப்பது இரட்டை ஸ்பே. இது வெறும் அழகுக்காக ஏற்பட்ட வேறுபாடன்று. பக்கம் மாறினால் காற்று முள்ளை எறிபவரின் முகத்தின்மேலேயே கொண்டுவரும். கண் போய்விடும்.

அக்காலக் கோல்கள் 16 அடி, 18 அடி, அதற்கும் மேல். கயானாவிலிருந்து வந்த கிரீன்ஹார்ட் மரத்தாலானவை. நீரில் போட்டால் மூழ்கக்கூடிய மரம் அது! இரண்டு கை இல்லாமல் ஆகாது. ஜார்ஜ் கெல்சன் 1895-இல் வெளியிட்ட சால்மன் ஈ பற்றிய நூலில் ஸ்பே வீச்சையும் விளக்கியிருக்கிறார். அதே காலத்தில் இன்வர்னஸ் நகரின் அலெக்ஸாண்டர் கிராண்ட் ஒரு புதுமை செய்தார். அவர் வயலின் செய்யத் தெரிந்தவர். கோல் துண்டுகளைச் சேர்க்கும் உலோகப் பூண்கள் அதிர்வைத் தடுக்கின்றன என்று கருதி, அவற்றை நீக்கினார். துண்டுகளைச் சாய்வாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கட்டினார். இதற்கு அதிர்வுக் கோல் என்றே பெயர். வயலின் செய்த கைக்கு இது தோன்றியதில் எனக்கு வியப்பில்லை.

பிறகு பொருள்கள் மாறின. பிளந்து ஒட்டிய மூங்கில், இரண்டாம் உலகப் போருக்குப்பின் கண்ணாடி இழை, 1970களில் கார்பன் இழை என்று கோல் இலேசாகிக்கொண்டே வந்தது. எண்ணெய் ஊட்டிய பட்டு நூல் போய், 1950களில் பிளாஸ்டிக் பூசிய நூல் வந்தது. இதில்தான் முக்கிய மாற்றம் இருக்கிறது: பூச்சின் கனத்தைக் கூட்டியும் குறைத்தும், நூலின் எந்தப் பகுதியில் எவ்வளவு எடை இருக்க வேண்டுமென்று விரும்பியபடி அமைக்க முடிந்தது.

சரி, 9 அடி ஒற்றைக் கைக் கோலால் ஸ்பே வீச முடியுமா? அப்படியே முயன்றால் ஏமாற்றம்தான். கோல் குட்டையானதால் வில் வளைவு சிறுத்துவிடும். நீண்ட நூலை நீரிலிருந்து தூக்கவும் முடியாது. மேலும், தலைக்குமேல் வீசும்போது நூல் முழுவதும் கோலை இழுக்கிறது. ஸ்பே வளைவிலோ ஒரு பகுதி நீரிலும் ஒரு பகுதி தொங்கலிலும் இருப்பதால் இழுப்பு குறைவு. கோல் போதுமான அளவு வளைவதில்லை.

ஆகவே மாற்ற வேண்டியது முதலில் நூலை. அமெரிக்க அளவுமுறைப்படி 8-ஆம் எண் நூலின் முதல் 30 அடி 210 கிரெயின், அதாவது சுமார் 13.6 கிராம். 8-ஆம் எண் கோலில் ஸ்பே வீசுவோர் ஒன்றிரண்டு எண் கூட்டி, 240 அல்லது 280 கிரெயின் நூலைப் போடுவதுண்டு. எடை முழுவதையும் குட்டையான முன்பகுதியில் திரட்டிவிட்டு, பின்னால் மெல்லிய நூலைக் கட்டுகிறார்கள். முன்பகுதி பறக்கும்போது மெல்லிய நூலை இழுத்துக்கொண்டு போகும். சுவீடனின் யோரான் ஆண்டர்சன் இத்தகைய குட்டைத் தலை நூலைக் கொண்டே தம் வீச்சுமுறையை வளர்த்தார். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் ஆற்றங்கரையில் பிறந்த முறை 1990களில் பரவியது. அதில் தலை இன்னும் குட்டை, இன்னும் கனம். ஒற்றைக் கைக் கோலுக்கு 15 முதல் 20 அடித் தலை போதும். 2010-இல் சைமன் காஸ்வொர்த் ஒற்றைக் கை ஸ்பே வீச்சுக்கென்றே தனி நூல் எழுதினார்.

இரண்டாவது கை வேலையற்றுப் போய்விடவில்லை. நீளக் கோலில் அது அடிப்பிடியை இழுத்தது. இங்கே வீசும் கணத்தில் நூலையே வெடுக்கென்று இழுக்கிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது அல்லவா? வேகம் 20 சதவீதம் கூடினால் ஆற்றல் 44 சதவீதம் கூடுகிறது. சிலர் கோலின் அடியில் சிறு பிடியொன்றைப் பொருத்தி அதை இரு கைக் கோலாகவே ஆக்கிக்கொள்கிறார்கள். இது நெம்புகோல் தத்துவம்: மேற்கை தாங்குதானமாக இருக்க, கீழ்க்கை இழுக்கிறது. ஆனால் நூல் சரியில்லாவிட்டால் பிடி மட்டும் உதவாது.

கூடுதல் கனமுள்ள இந்த நூலைத் திறந்த வெளிக்குப் போனதும் தலைக்கு மேலே நீளமாக வீசிப் பார்க்க ஆசை வரும். அப்போது முழு எடையும் ஒருசேர இழுப்பதால் கோல் அளவுக்கு மீறி வளைந்து, வீச்சு தொய்ந்துபோகும். அதற்கு 8-ஆம் எண் நூலையே திரும்பவும் மாட்டிக்கொள்ள வேண்டும்.